உள்சரிவு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் மகன் போன் பண்ணுவான். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே இவர் கூடத்திலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிற டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவுவார். குழாயை மட்டும் நூல் பிடித்தாற்போலத் திறந்திருப்பார். தண்ணீர் சத்தம் போட்டால் நான் பேசுவது காதில் விழாது அல்லவா. நாற்பது வருடம் டிரில் மெஷின் சத்தத்தில் கிடந்த காது. நானும் அதற்காகவே கொஞ்சம் உரக்கத்தான் பேசுவேன்.

அப்பாவும் பிள்ளையும் பேசி நான்கு வருடம் ஆகிவிட்டது. நடுவில் நான் தபால்காரி. "அப்பா உன் முதுகுவலி எப்படி இருக்குன்னு கேட்டாருடா" என்பேன் அவனிடம். இவர் கேட்டிருக்க மாட்டார். போனை வைத்ததும் இவரிடம் வந்து, "முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொன்னான் உங்களை" என்பேன். அவன் சொல்லியிருக்க மாட்டான். நானே எழுதி நானே பட்டுவாடா செய்த கடிதங்கள். இரண்டு பேருக்கும் இது தெரியும். ஆனாலும் ஒருத்தரும் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எடுத்த எடுப்பிலேயே, லீவு கிடைத்துவிட்டது, நான்கு வாரத்தில் வருகிறேன், பன்னிரண்டு நாள் இருப்பேன் என்றான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெட்ஷீட் என்ன நிறத்தில் வேண்டும் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். பிறகு கேட்டான்:

"அம்மா, என் ரூம்ல அந்த ஓட்டை இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா. பலகை போட்டு மூடித்தான் வெச்சிருக்கு."

"அப்போ நான் ஃப்ரெண்டு வீட்ல தங்கிக்கறேம்மா. தினம் வந்து உன்னைப் பாத்துட்டுப் போறேன். அதைப் பாத்துக்கிட்டு என்னால அங்க படுக்க முடியாது."

சமையலறையில் குழாய் நின்றது.

ஒரு ஓட்டைக்காக ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போவானா என்று கேட்பீர்கள். ஓட்டைக்காகப் போகவில்லை. அதில் கிடைத்த பேருக்காகப் போனான்.

இவர் ஏசி மெக்கானிக். பட்டறையை இப்போது கூட்டாளி பார்த்துக்கொள்கிறார். இவருக்கு முழங்கால் ஏணி ஏற விடுவதில்லை. அந்தத் தொழிலில் அரிச்சுவடி என்று ஒன்று உண்டு. வீட்டுக்குள் ஒரு மெஷின், வெளியே ஒரு மெஷின், நடுவில் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய்கள் போகும். உள்ளே இருக்கிற மெஷினுக்கு வியர்க்கும். அந்தத் தண்ணீர் வெளியே போக வேண்டும். அதனால் ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு சரிதானா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். இது தெரியாதவனை இவர் பட்டறை வாசலில்கூட நிறுத்த மாட்டார்.

மகன் இரண்டு வருடம் இவரிடம் தொழில் கற்றுக்கொண்டான். தனியாக, ஒருவர் துணையும் இல்லாமல் அவன் போட்ட முதல் ஓட்டை அவனுடைய அறைச் சுவரில்தான். பழைய கட்டடம், ஒன்றரை அடிச் சுவர். அதற்கு முந்தின வாரம்தான் நான் அந்த அறைக்குப் பெயின்ட் அடிக்க வைத்திருந்தேன். "உள்ள தூசி கொட்டாதடா, வெளியே நின்னு போடு" என்றேன். எப்போதும் உள்ளே நின்று, மெஷினின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துப் பழகிய கை. வெளியே ஏணியில் நின்றபோதும் பழக்க தோஷத்தில் அப்படியே தாழ்த்திப் பிடித்தது. ஓட்டை உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

இவர் பட்டறை ஆட்கள் இரண்டு பேருடன் வந்தார். ஏணியில் ஏறி, ஒரு டம்ளர் தண்ணீரை வெளியிலிருந்து ஓட்டையில் ஊற்றினார். தண்ணீர் உள்ளே வந்து அவன் தலையணையில் கொட்டியது. ஆட்கள் சிரித்தார்கள். "கையில பலம் இருக்கு, மண்டைக்குள்ள ரசமட்டம் இல்லையே" என்றார் இவர். அவ்வளவுதான் சொன்னார். மறுநாளிலிருந்து அவன் பேர் உள்சரிவு. "உள்சரிவு, அந்த ஸ்பேனரை எடு." "உள்சரிவு சாப்பிட்டானா?" டீ கொண்டுவருகிறவன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அம்மாதான் வெளியே நிற்கச் சொன்னாள் என்று அவன் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிற முள்.

எட்டு மாதம் பொறுத்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்து, பெட்டியோடு வாசலில் நின்று, "போயிட்டு வரேம்ப்பா" என்றான். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் இவர், "போற இடத்துலயாவது வெளிய சாய்ச்சுப் போடு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். வேடிக்கை விமானம் ஏறிப் போய்விட்டது. இப்போது அவன் அங்கே நாற்பது பேருக்கு சூப்பர்வைசர். எந்த வேலையைப் போய்ப் பார்த்தாலும் முதலில் சரிவைத்தான் பார்ப்பானாம்.

திங்கட்கிழமை காலை நான் ஒன்றும் சொல்லாமலே இவர் இரும்புச் சட்டியில் சிமென்ட் குழைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் அதே சட்டியோடு திரும்பி வந்தார்.

"என்னங்க, அடைச்சாச்சா?"

"குடியிருக்காங்க," என்றார்.

"யாரு?"

"கிளி. நாலு முட்டை."

இரண்டு வாரமாக அந்த அறையில் கறுக் கறுக்கென்று ஏதோ பிராண்டும் சத்தம் கேட்டது. எலி என்று நினைத்து நான் பொறி வாங்க இருந்தேன். போய்ப் பார்த்தேன். இவர் பலகையின் ஒரு மூலையைத் தளர்த்தி, குழாய் ஜாயின்ட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வைத்திருக்கிற நீளக் காம்புக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். பலகைக்கு அந்தப் பக்கம், சுவரின் அடி ஆழத்தில், உதிர்ந்த சாந்துப் பொடியின் மேல் நான்கு வெள்ளை முட்டை. சுற்றிலும் காரையைக் கொத்தி அறையைப் பெரிதாக்கி வைத்திருந்தது. எனக்குத் தெரியாமல் என் வீட்டில் கட்டட வேலை நடந்திருக்கிறது.

மாடிவீட்டு நர்ஸ் டூட்டி முடிந்து வந்தவள் அதை எட்டிப் பார்த்தாள். "எங்க வார்டுலதான் கட்டில் இல்லைன்னா உங்க வீட்டுக்கும் கேஸ் வந்துடுச்சா" என்றாள். போனில் தேடிப் படித்துச் சொன்னதும் அவள்தான். பொரிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், குஞ்சு பறக்க அதற்கப்புறம் ஏழு வாரம். மரத்தில் பொந்து கிடைக்காத கிளிகள் இப்போதெல்லாம் எங்கெங்கேயோ குடியேறுகின்றனவாம். அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே கார் நிறுத்தும் இடத்து ஒலிபெருக்கிக் குழலுக்குள் ஒரு ஜோடி இருக்கிறதாம். யாராவது மைக்கைத் தட்டினால் முதலில் கிளிதான் பதில் சொல்லுமாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முட்டை இட்டு எத்தனை நாள் என்று தெரியாது. எப்படிப் பார்த்தாலும், மகன் வந்து பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகும் அவை அங்கேதான் இருக்கும்.

நர்ஸ் போனதும் இவரிடம் சொன்னேன், வேறு இடத்தில் ஒரு பெட்டி வைத்து முட்டையை மாற்றிவிடலாம் என்று. மாற்றினால் தாய் சீண்டாது என்றார். பக்கத்தில் புது ஓட்டை போட்டு ஏசி மாட்டி இதை மறைத்துவிடலாமே என்றேன். அந்த அதிர்ச்சிக்கு முட்டை தாங்காது என்றார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கிளிக்கு இவ்வளவு பாக்கறீங்களே. என் பிள்ளை வந்து அடுத்தவன் வீட்ல படுக்கப் போறான்."

இவர் சட்டியிலிருந்த சிமென்டைக் கரண்டியால் கிளறினார்.

"வெளியே நின்னு போடச் சொன்னது நான்தாங்க. பெயின்ட் கெட்டுடும்னு நான்தான் சொன்னேன். அவன் மேல தப்பில்லை."

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நாப்பது வருஷமா ஓட்டை போடறேன். எந்தப் பக்கம் நின்னு போட்டதுன்னு விளிம்பைப் பாத்தா தெரியாதா? உள்ள ஒரு பொட்டுத் தூசி இல்லை. நீ சொல்லாம அவன் ஏன் ஏணி ஏறப் போறான்."

"தெரிஞ்சா அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். குழைத்த சிமென்ட் சட்டியில் கிடந்து கரண்டியோடு இறுகிவிட்டது. அதை இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இவர் வெளியே போயிருந்தார். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். ஒரு பழைய துண்டைப் பந்தாகச் சுருட்டி, நீளக் கம்பின் நுனியில் செருகிக்கொண்டு, வெளிப்பக்கமாகச் சுவரடியில் போய் நின்றேன். தாய்ப்பறவை இரை தேடப் போயிருக்கும்போது வாயை அடைத்துவிட்டால் வந்து பார்த்துவிட்டு வேறு இடம் போய்விடும். முட்டை முட்டைதானே, இன்னும் உயிரில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கம்பை உயர்த்தி துண்டை ஓட்டையின் வாயில் வைத்தும் விட்டேன். அப்போது எதிர்க் கம்பியில் கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட ஆண்கிளி வந்து உட்கார்ந்தது. கத்தவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, பிறகு துண்டைப் பார்த்தது. ஊருக்குப் போய் வந்தவர் தன் வீட்டு வாசலில் வேறு பூட்டு தொங்குவதைப் பார்த்தால் எப்படி நிற்பார், அப்படி. உள்ளேயிருந்து சின்னதாக ஒரு அலகு துண்டைப் பிடித்து இழுத்தது. தாய் வெளியே போகவே இல்லை.

துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிற புத்தி என்னென்ன செய்யத் துணிகிறது பாருங்கள்.

இவரோ தினமும் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பி, வெயில் ஏறின பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். எங்கே போகிறீர்கள் என்றால் சும்மா என்றார். கையில் பழைய வேலை நோட்டு ஒன்று இருந்தது. பத்து நாள் இப்படி நடந்தார். என்ன தேடுகிறார் என்று நர்ஸ்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஒரு மூடின பேங்க் கட்டடத்தின் முன்னால் நின்று அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வாட்ச்மேன் வந்து விசாரித்ததற்கு, "என் ஓட்டைப்பா, பாத்துட்டுப் போறேன்" என்றாராம். "சாரை ஒரு நாள் டாக்டர்கிட்ட காட்டலாமாம்மா?" என்றாள். "காட்டலாம். அவருக்கு ஓட்டையைக் காட்டுவார்" என்றேன்.

இதற்கிடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. இரண்டிலும் ஓட்டைப் பேச்சை எடுக்காமல் மழுப்பினேன். மூன்றாவது ஞாயிறு மகன் விடவில்லை.

"ஃப்ரெண்டுகிட்ட சொல்லிடட்டுமாம்மா? அவனும் ரூமைச் சரி பண்ணணும்ல."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தபால்காரி இன்னொரு கடிதம் எழுதினேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அப்பா அடைச்சுட்டாரு. பூசி, பெயின்டும் அடிச்சாச்சு. நீ வந்து உன் கட்டில்லயே படு."

குழாய் நின்றது. இவர் ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தார். என் முன்னால் நின்று கையை நீட்டினார்.

"குடு."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று யோசிக்கக்கூட இல்லை. ஹலோ என்று சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"அம்மா சும்மா சொல்றா. அடைக்கலை," என்றார்.

போனை வைத்துவிட்டானோ என்று நான் எட்டிப் பார்த்தேன். வைக்கவில்லை.

"உள்ள கிளி இருக்கு. நாலு முட்டை. நேத்து ரெண்டு பொரிச்சிருக்கு."

"எந்த ஓட்டைல?" என்றான்.

"நீ போட்டதுல."

இவர் போனைக் காதில் வைக்காமல், கண்ணாடித் தட்டு ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்டு, ஏசியைக் கழட்டிட்டுக் காலியாக் கிடக்கற ஓட்டை பதினோரு இடத்துல இருக்கு. எல்லாத்தையும் போய்ப் பாத்தேன். நாலஞ்சு இடத்துல கிளி கொத்திப் பாத்திருக்கு. ஒண்ணுலயும் தங்கலை. பேங்க்ல ஒரு வாட்ச்மேன் சொன்னான், போன வருஷம் முட்டை உருண்டு வந்து படிக்கட்டுல விழுந்து உடைஞ்சுதாம். எல்லாம் வெளிச்சரிவு." போனை வாயருகே கொண்டுபோனார். "உன்னோடதுல உருளலை."

அவன் ஏதாவது சொல்ல மாட்டானா என்று போன் பக்கம் குனிந்தேன். அவன் சொன்னபோது அது மகன் குரலாக இல்லை, வேலை நடக்கிற இடத்தில் நிற்கிற சூப்பர்வைசர் குரலாக இருந்தது.

"எவ்வளவு இறக்கம் இருக்கு?"

"ரசமட்டம் வெச்சுப் பாத்தேன். உள்பக்கம் முக்கால் இஞ்ச் தாழ்வு."

"அப்போ மழை வந்தா தண்ணி நேரா குஞ்சு மேலதான் போகும்."

"போகும். தண்ணிக்கு அது தப்புதானே, இப்பவும் தப்புதான். வெளி வாய்க்கு மேல தகரத்துல சின்னக் கூரை மாதிரி ஒரு மூக்கு வெச்சா தாங்கும். வெட்டிக்கூட வெச்சுட்டேன். ஏணிதான்..."

"நீங்க ஏறாதீங்க," என்றான். சட்டென்று சொன்னான். அப்புறம் குரல் இறங்கியது. "முழங்கால் எப்படி இருக்கு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நீ சொன்ன மாதிரி எண்ணெய் போட்டுத் தேய்ச்சுக்கிட்டுதான் இருக்கேன்," என்றார்.

"ம்... விடாம போடுங்க," என்றான் என் பிள்ளை.

"உன் முதுகு?"

"பரவால்லை. நீங்க... நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"ம்."

இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கூடத்திலேயே நின்றார். சமையலறைக்குப் போகவில்லை. நான் எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"எங்கடா தங்குவ?"

"மூக்கை வெக்கறதுக்கு நான்தானே ஏறணும். மழை வந்தா யார் பாக்கறது," என்றான். "ரெண்டு நாள் அங்க படுத்துப் பாக்கறேம்மா. முடியலைன்னா அப்புறம் பாக்கலாம்."

அவன் வர இன்னும் ஒரு வாரம். இரண்டு நாள் படுத்துப் பார்க்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். அந்த இரண்டு நாளுக்காக மறுநாள் காலையிலேயே நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையைப் பெருக்கித் துடைத்தோம். பலகைக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள் ஈயம் பூசாத பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. தகர மூக்கு, விளிம்பெல்லாம் கை கிழிக்காமல் அரத்தால் ராவி, ஜன்னல் மேடையில் தயாராக இருந்தது. பக்கத்தில் திருகாணி, துண்டு பேப்பரில் பொட்டலம் கட்டி. கட்டிலைச் சுவரோடு நகர்த்தும்போது இவர் கேட்டார்.

"அவன் தலையை எந்தப் பக்கம் வெச்சுப் படுப்பான்?"

"ஜன்னல் பக்கம்," என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். தண்ணீர் கொட்டின அன்று தலையணை எந்தப் பக்கம் கிடந்தது? ஓட்டைக்குக் கீழே. அது கதவுப் பக்கம் அல்லவா. இல்லை, அன்று கட்டிலே வேறு மாதிரி கிடந்ததா.

"நீ அம்மாதானே, உனக்குத் தெரியாதா?"

"நீங்கதான் தண்ணி ஊத்தினீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கட்டிலின் நீளத்தில் நடுவாகக் கையை வைத்து, அவன் உயரத்தை இவர் ஜாண் ஜாணாக அளந்து பார்த்தார், அதில் ஏதோ தெரியப்போகிற மாதிரி. பிறகு பீரோவைத் திறந்து இன்னொரு தலையணையையும் எடுத்தார். நான் உறை மாட்டிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று வைத்தோம்.